பெய்ட்காஸ்டிங் ரீல்: விரால் பிடிக்க எதை வாங்குவது, எப்படிச் சிக்கில்லாமல் வீசுவது

பெய்ட்காஸ்டிங் ரீலில் சிக்கு விழுவதற்கு அடிப்படைக் காரணம் ஒன்றுதான். நரம்பு (தூண்டில் நூல்) வெளியே போகும் வேகத்தைவிட, அதைச் சுற்றி வைத்திருக்கும் உருளையான ஸ்பூல் வேகமாகச் சுற்றுகிறது. ஸ்பின்னிங் ரீலில் ஸ்பூல் அசையாமல் நிற்கும், நரம்பு வளையம் வளையமாகக் கழன்று போகும். இதில் அப்படியில்லை. லூர் (செயற்கை இரை) இழுக்க இழுக்க ஸ்பூலே சுழன்று நரம்பை விடுகிறது. வீசிய வேகத்தில் சுழலத் தொடங்கிய ஸ்பூல், லூர் காற்றில் வேகம் குறைந்த பிறகும் அதே வேகத்தில் ஓடப் பார்க்கும். போக இடமில்லாத நரம்பு உள்ளேயே பொங்கிக் கூடு கட்டிவிடும். எந்த ரீலை வாங்குவது, பிரேக்கை எங்கே வைப்பது, கட்டைவிரலை எப்போது அழுத்துவது என்ற எல்லாக் கேள்விக்கும் விடை இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வருகிறது.

இங்கே சொல்வதெல்லாம் நம் ஏரி, குளங்களில் ரப்பர் தவளையைப் போட்டு விரால் பிடிப்பதை மனதில் வைத்து. கழிமுகத்தில் கொடுவாவுக்கு இதே ரீலோடு போவோருக்கு மாறும் இடங்களையும் ஆங்காங்கே சொல்லியிருக்கிறோம்.

முதலில், இந்த ரீல் உங்களுக்குத் தேவைதானா? மிதப்புக் கட்டி மண்புழு போட்டு ஜிலேபியும் கெண்டையும் பிடிப்பவருக்குத் தேவையில்லை. 7 கிராமுக்குக் குறைவான லூர்களை வீசுபவருக்கும் சாதாரண பெய்ட்காஸ்டர் சரிவராது. அவ்வளவு லேசான லூரால் ஸ்பூலை இழுத்துச் சுழற்ற முடியாது. அதற்கென்று மிக லேசான ஸ்பூல் வைத்த ரீல்கள் தனியாக உண்டு, ஆனால் தொடக்கத்துக்கு அவை வேண்டாம். 10 முதல் 20 கிராம் தவளை, 40 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னல் நரம்பு), ஆகாயத்தாமரைக்கும் கோரைக்கும் நடுவே இருக்கும் சாண் அகல இடைவெளியில் லூரைப் போட வேண்டும், கடித்த மீனைச் செடிக்குள் புகவிடாமல் இழுக்க வேண்டும் என்ற நிலை வரும்போதுதான் பெய்ட்காஸ்டரின் அருமை தெரியும். பருமனான நரம்பை அது முறுக்காமல் விடும். லூர் பறக்கும்போதே கட்டைவிரலால் அதை நினைத்த இடத்தில் நிறுத்தலாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

கைப்பிடி எந்தப் பக்கம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஸ்பின்னிங் ரீலில் கைப்பிடியைக் கழற்றி மறுபக்கம் மாட்டிக்கொள்ளலாம். இதில் அது முடியாது. வாங்கியது வாங்கியதுதான். வலது கையால் வீசுபவருக்கு இடது கைப்பிடி ரீலையே பரிந்துரைப்போம். தவளை தண்ணீரைத் தொட்ட அடுத்த நொடியே விரால் அடிக்கலாம். அந்த நேரத்தில் ராடைக் கை மாற்றிக்கொண்டிருந்தால் நரம்பு தொய்ந்துவிடும். ஷிமானோ ரீலில் அளவு எண் 150 என்றால் வலது, 151 என்றால் இடது. டைவா, அபு கார்சியா மாடல்களில் பெயரின் கடைசியில் எல் என்ற எழுத்து இருந்தால் இடது. ஆன்லைனில் வாங்குபவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். படத்தில் எந்தப் பக்கம் இருந்தாலும் மாடல் எண்ணைப் பார்த்துத்தான் ஆர்டர் போட வேண்டும்.

அடுத்தது கியர் விகிதம். 7.2:1 என்றால் கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஸ்பூல் 7.2 சுற்று. 150 அளவு ரீலில் 6.3:1 ஒரு சுற்றுக்குச் சுமார் 65 செ.மீ. நரம்பை எடுக்கும். 7-க்குச் சற்று மேல் இருந்தால் 75 முதல் 80 செ.மீ., 8.1:1 ஏறக்குறைய 85 செ.மீ. தவளையை நாம் நடத்துவது ராட் முனையால். ரீலின் வேலை தொய்வை எடுப்பதும், முள் ஏறிய மீனைத் தலை திருப்ப விடாமல் கொண்டுவருவதும். அதனால் 7-இலிருந்து 7.5 வரை உள்ளது நல்லது. ஷிமானோவில் இதற்கு எச்ஜி என்று போட்டிருக்கும். ஆழமாக முங்கி ஓடும் கிராங்க்பெய்ட் மட்டுமே இழுப்பவர் 5 அல்லது 6-இல் எடுக்கலாம், கை வலிக்காது. ஒரே ரீல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் 7.

பிரேக் இரண்டு வகை. மையவிலக்கு பிரேக்கில் ஸ்பூலோடு சுழலும் சின்னக் கட்டைகள் வேகத்தால் வெளியே தள்ளப்பட்டு வளையத்தில் உரசும். வேகம் அதிகமாக இருக்கும் முதல் நொடியில் பலமாகப் பிடிக்கும், வேகம் குறையக் குறைய விட்டுவிடும். அதனால் தூரம் கிடைக்கும், ஆனால் வீச்சின் கடைசியில் கட்டைவிரல் விழிப்பாக இருக்க வேண்டும். காந்த பிரேக்கில் உரசல் கிடையாது. காந்தத்தின் அருகே சுழலும் அலுமினிய ஸ்பூலில் சுழல் மின்னோட்டம் உண்டாகி அதுவே ஸ்பூலைத் தடுக்கும். வீச்சு முழுக்கச் சீராகப் பிடிக்கும், வெளியே உள்ள திருகைத் திருப்பினால் போதும். புதிதாகப் பழகுபவருக்குக் காந்த பிரேக் சுலபம். ஷிமானோவின் டிசி ரகங்களில் ஒரு மின்னணுச் சில்லு பிரேக்கைப் பார்த்துக்கொள்கிறது. அதற்குப் பேட்டரி கிடையாது, ஸ்பூல் சுழலும்போது உண்டாகும் மின்சாரத்திலேயே ஓடும். அவற்றில் ஒன்றான எஸ்எல்எக்ஸ் டிசியில் நான்கு நிலைகள் உண்டு. எதிர்காற்றில் அது பேருதவி. ஆனால் லூர் தண்ணீரைத் தொடும் கணத்தில் ஸ்பூலை நிறுத்தும் வேலை அதிலும் உங்கள் கட்டைவிரலுக்குத்தான். அந்தப் பழக்கம் வரும்வரை அந்தக் காசை நல்ல ராடில் போடுவது மேல்.

பேரிங் எண்ணிக்கையைப் பார்த்து ரீல் வாங்காதீர்கள். பெட்டியில் 18 பேரிங் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் மலிவு ரீலைவிட, ஐந்தே நல்ல பேரிங் உள்ள ரீல் பல மடங்கு மேல். கடையில் கையில் எடுத்துப் பார்க்க முடிந்தால் மூன்றைச் சோதியுங்கள். ஸ்பூலுக்குப் பின்னால், கட்டைவிரல் படும் இடத்தில் இருக்கும் ஸ்பூலை விடுவிக்கும் கட்டையை அழுத்தி ஸ்பூலைத் தட்டிவிட்டால் உரசல் சத்தமில்லாமல் சுழல வேண்டும். கைப்பிடியைப் பின்பக்கமாகத் தள்ளினால் இம்மியும் நகரக் கூடாது. நகர்ந்தால் மீன் கடித்து, முள் ஏற ராடை வெடுக்கென்று வெட்டி இழுக்கும்போது அந்தக் கொஞ்ச இடைவெளியில் மொத்த அடியும் கைப்பிடி பின்னே சுற்றாமல் தடுக்கும் பின்பூட்டில் விழும், அது சீக்கிரமே தேயும். மீன் பலமாக இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடிமானம்தான் டிராக்; கைப்பிடியருகே இருக்கும் அதன் நட்சத்திரத் திருகைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு நரம்பைக் கையால் இழுத்தால் திக்கித் திக்கி வராமல் ஒரே சீராக வர வேண்டும். அதிகபட்ச டிராக் 5 கிலோ இருந்தாலே விராலுக்குப் போதும். சிறு படகிலிருந்து பெரிய கொடுவாவுக்கு வீசுபவர் 200 அளவுக்குப் போகலாம்.

ராடும் பெய்ட்காஸ்டிங் ராடாகத்தான் இருக்க வேண்டும். வளையங்கள் மேலே பார்த்திருக்கும், பிடியின் அடியில் விரல் மாட்டத் துப்பாக்கி விசை போல ஒரு கொக்கி இருக்கும். தவளைக்கு 6 அடி 6 அங்குலம் முதல் 7 அடி, மீடியம் ஹெவி (ஓரளவு விறைப்பான ரகம்). ராடின் மேல் எழுதியிருக்கும் லூர் எடை உங்கள் தவளையின் எடைக்குப் பொருந்த வேண்டும். அவுன்ஸில் இருந்தால் கால் அவுன்ஸ் 7 கிராம், அரை அவுன்ஸ் 14, ஒரு அவுன்ஸ் 28. விறைப்பான ராடில் லேசான லூரைக் கட்டினால் ராட் வளையவே வளையாது. வேகத்தை மொத்தமாக மணிக்கட்டு கொடுக்கும், ஸ்பூல் திடுக்கென்று கிளம்பும், சிக்கு விழும். ரீலைக் குறை சொல்பவர்கள் பலருக்கும் உண்மையான கோளாறு ராடில்தான்.

நரம்பு சுற்றுவது

40 பவுண்டு பிரெய்டு, பிஇ எண்ணில் (பிரெய்டின் பருமனைச் சொல்லும் எண்) சொன்னால் 3 வாக்கில். செடி அடர்த்தியாக இருக்கும் குளத்துக்கு 50. தங்கூஸ் நரம்பு நீளும் தன்மையுள்ளது. இருபது மீட்டருக்கு அப்பால் விராலின் கெட்டி வாயில் முள் ஏற அது விடாது. மெல்லிய பிரெய்டை ஆசைப்பட்டு வாங்காதீர்கள். 15, 20 பவுண்டு பிரெய்டு ஸ்பூலில் தன் சுற்றுகளுக்குள்ளேயே புதைந்து கொள்ளும். அடுத்த வீச்சில் அங்கே வந்து சிக்கி நின்றால் லூர் மட்டும் அறுத்துக்கொண்டு பறந்துவிடும்.

பிரெய்டை வழுவழுப்பான ஸ்பூலில் நேராகக் கட்டினால் மொத்தச் சுருளும் ஸ்பூலின் மேல் வழுக்கிச் சுற்றும். டிராக் போய்விட்டதென்று நினைத்து ரீலைப் பிரித்துப் பார்ப்பவர்கள் உண்டு. அடியில் ஏழெட்டுச் சுற்று தங்கூஸ் சுற்றி அதோடு பிரெய்டை முடிச்சுப் போடுங்கள். இல்லாவிட்டால் ஸ்பூலில் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன் மேல் சுற்றுங்கள். நரம்பை முதலில் ரீலின் முன்னால் இடம் வலமாக ஓடும் வழிகாட்டித் துளையில் கோத்துவிட்டுத்தான் ஸ்பூலில் கட்ட வேண்டும். அவசரத்தில் மறந்துபோகும் விஷயம் இது. சுற்றும்போது ஈரத்துணியால் நரம்பைப் பிடித்து இறுக்கமாகவே சுற்றுங்கள். ஸ்பூல் விளிம்புக்கு 3 மி.மீ. கீழே நிறுத்துங்கள். விளிம்புவரை நிரப்பினால் ஸ்பூல் கனக்கும், கனத்த ஸ்பூல் நிற்க நேரமாகும், சிக்கு கூடும்.

தவளையைப் பிரெய்டிலேயே பாலமர் முடிச்சில் கட்டலாம். செடிக்குள் லீடர் (நரம்பின் முனையில் கட்டும் தனித் துண்டு நரம்பு) முடிச்சு இடைஞ்சல்தான். கொடுவாவுக்கு மட்டும் 40 முதல் 50 பவுண்டு ஃப்ளோரோகார்பன் லீடர் கட்டாயம். அதன் செவுள் மூடியின் ஓரம் கத்தி மாதிரி, பிரெய்டை நொடியில் அறுக்கும். 60 செ.மீ. நீளம் போதும்.

வீசுவதற்கு முன் சரிசெய்ய வேண்டியவை

கைப்பிடிப் பக்கம் இருக்கும் சின்னக் குமிழ்தான் ஸ்பூல் டென்ஷன். லூரைக் கட்டி ராடை நேராக நீட்டிக் கட்டையை அழுத்துங்கள். குமிழை லூர் விழாத அளவுக்கு இறுக்கிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். லூர் மெதுவாக இறங்கித் தரையைத் தொட வேண்டும், தொட்டதும் ஸ்பூல் அரைச் சுற்றுக்கு மேல் ஓடக் கூடாது. பிரேக்கை 10-இல் 8-க்கு வையுங்கள். லூரை மாற்றினால் இதை மறுபடி செய்ய வேண்டும். தவளைக்குள் தண்ணீர் ஏறினாலும் எடை மாறிவிடும், ஐந்தாறு வீச்சுக்கு ஒருமுறை பிழிந்துவிடுங்கள்.

கை பழகிய பிறகு டென்ஷனைத் தளர்த்தி, ஸ்பூல் பக்கவாட்டில் ஆடாமல் இருக்கும் அளவுக்கு மட்டும் வைத்து, மீதியைப் பிரேக்குக்கும் விரலுக்கும் விட்டுவிடலாம். தூரம் அங்கேதான் இருக்கிறது. அதற்கு அவசரப்பட வேண்டாம்.

டிராக்கை ஒரு தொங்கு தராசை மாட்டிப் பாருங்கள். நரம்பு தாங்கும் எடையில் கால் பங்கு என்பது பொது அளவு. 40 பவுண்டு என்றால் சுமார் 18 கிலோ, அதில் கால் பங்கு நாலரைக் கிலோ. செடி இல்லாத கழிமுகத்தில் அது சரி. ஆகாயத்தாமரைக்கு நடுவே விராலுக்கு மட்டும் ஏறக்குறைய முழுக்க இறுக்கி வைக்க வேண்டும். அங்கே ஒரு முழம் நரம்பு விட்டால் மீன் தண்டுகளில் சுற்றிக்கொள்ளும்.

வீசுவது

முதல் நாள் தண்ணீருக்குப் போக வேண்டாம். மைதானத்திலோ மொட்டைமாடியிலோ முள் இல்லாத 15 கிராம் எடையைக் கட்டி, 15 மீட்டரில் ஒரு வாளியை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு முன்னேற்பாடு: ஒரு 25 மீட்டர் நரம்பைக் கையால் இழுத்து வெளியே விட்டு, ஸ்பூலில் மீதியிருப்பதன் மேல் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டுத் திரும்பச் சுற்றிக்கொள்ளுங்கள். எவ்வளவு மோசமான சிக்கு விழுந்தாலும் டேப்புக்குக் கீழே போகாது.

லூர் ராட் முனையிலிருந்து 20 செ.மீ. தொங்கட்டும். கட்டையை அழுத்தும் கட்டைவிரல் அப்படியே ஸ்பூலில் உட்காரும். விரலின் நுனியையோ நகத்தையோ வைக்காதீர்கள், சதைப்பகுதி கொஞ்சம் சாய்வாகப் பட வேண்டும். மணிக்கட்டைத் திருப்பிப் புறங்கை வானத்தைப் பார்க்கும்படி பிடியுங்கள். அப்போதுதான் மணிக்கட்டு தடையில்லாமல் மடங்கும். ராடைப் பின்னே கொண்டுபோய், லூரின் எடையால் ராட் வளைவதை உணர்ந்ததும் முன்னே வாருங்கள். சவுக்கடி வேண்டாம். வேகம் மெதுவாகத் தொடங்கிக் கூட வேண்டும். ராடைக் கடிகார முள்ளாக நினைத்துக்கொண்டால், பன்னிரண்டைத் தாண்டிப் பத்தை நெருங்கும்போது விரலை லேசாக்குங்கள். எடுத்துவிடக் கூடாது, லேசாக்க வேண்டும். லூர் வானத்துக்குப் போனால் சீக்கிரம் விட்டிருக்கிறீர்கள். காலடியில் அடித்தால் தாமதமாக விட்டிருக்கிறீர்கள்.

இனிமேல்தான் விரலின் வேலை. லூர் பறக்கும்போது ஸ்பூலுக்கும் விரலுக்கும் நடுவே தாள் கனம் இடைவெளி. ஸ்பூல் முந்தத் தொடங்கினால் மேல்சுற்று நரம்பு பஞ்சு மாதிரி உப்பி விரலின் அடியில் குறுகுறுக்கும். அந்தக் குறுகுறுப்பு தெரிந்ததும் இறகால் தொடுவதுபோலத் தொட்டால் போதும், நரம்பு படிந்துவிடும். இதைக் கண்ணால் பார்த்துச் செய்யவே முடியாது, பார்வை லூரின் மேல் இருக்க வேண்டும். லூர் தண்ணீரைத் தொடுவதற்கு ஒரு சாண் முன்னால் விரலை அழுத்தி ஸ்பூலை முழுக்க நிறுத்துங்கள். தவளை சத்தமில்லாமல் உட்காரும், சிக்கும் விழாது. ஸ்பூல் நின்ற பிறகே கைப்பிடியைச் சுற்றுங்கள். ஓடும் ஸ்பூலில் கியரைப் பூட்டினால் பல் தேயும்.

பத்து வீச்சில் ஒன்பது சிக்கில்லாமல் போனால் பிரேக்கை ஒரு எண் குறையுங்கள். அங்கே மறுபடி பழகிவிட்டு இன்னொன்று. எதிர்காற்றில் மட்டும் வெட்கப்படாமல் இரண்டு எண் கூட்டி, லூரைத் தாழ்வாகப் பக்கவாட்டில் வீசுங்கள்.

சிக்கு எந்த நேரத்தில் விழுகிறது என்று கவனித்தால் காரணம் தெரிந்துவிடும். வீசிய உடனேயே என்றால் வெடுக்கென்று வீசியிருக்கிறீர்கள், அல்லது லூர் லேசு. நடுவழியில் என்றால் காற்று, அல்லது பிரேக் குறைவு. கடைசியில் என்றால் விரல் தூங்கிவிட்டது.

சிக்கு விழுந்துவிட்டால் இழுக்காதீர்கள். இழுத்தால் வளையங்கள் முடிச்சாக இறுகும். டிராக்கை இறுக்கி, கட்டைவிரலால் ஸ்பூலை அழுத்திக்கொண்டே கைப்பிடியை மூன்று நான்கு சுற்றுங்கள். பிறகு கட்டையை அழுத்திவிட்டு நரம்பை மெதுவாக இழுங்கள். பெரும்பாலான சிக்கு இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தாலே அவிழும். மீதமிருப்பது ஒரு வளையம் இன்னொன்றின் மேல் குறுக்கே விழுந்ததாக இருக்கும். அதை விரலால் தூக்கிவிட்டால் போதும். ஊசியால் குத்தினால் பிரெய்டின் இழை பிரியும்.

மீன் அடிக்கும்போது

தண்ணீர் வெடித்ததும் ராடைத் தூக்குவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. விரால் அடித்த கணத்தில் தவளை இன்னும் அதன் வாய்க்குள் மடங்கியிருக்காது. ராட் முனையைத் தண்ணீர்ப் பக்கம் தாழ்த்தி, தொய்வைச் சுற்றி எடுத்து, மீனின் கனம் கையில் தெரிந்ததும் பலமாக மேலே வெட்டுங்கள். வெட்டிய கையோடு சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அடி விழுந்தும் மீன் ஏறவில்லை என்பது தொடர்ந்தால் தவளையைப் பாருங்கள். உடம்பை அமுக்கினால் இரண்டு முள்ளும் சட்டென்று வெளியே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் குறட்டால் ஒவ்வொன்றையும் ஓரிரண்டு மி.மீ. வெளிப்பக்கம் விரியுங்கள்.

தண்ணீரின் மேல் சிவப்பும் ஆரஞ்சுமாகக் குஞ்சுகள் ஒரே திரளாக மேலே வந்து மூச்செடுத்து இறங்குவதைப் பார்த்தால் அங்கே போடாதீர்கள். தாயும் தகப்பனும் அடியிலேயே காவல் நிற்கும். எது விழுந்தாலும் பாய்ந்து அடிக்கும், பிடிப்பது மிகச் சுலபம். பிடித்துவிட்டால் அந்தத் திரளை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும். ஏரியில் இறங்கும் முன் மீன்பாசி (மீன் பிடிக்கும் உரிமை) ஏலம் எடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதும் அவசியம்.

பராமரிப்பு

பல்சக்கரம் வைத்த இந்த வகை ரீலை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கென்டக்கியில் செய்தவர் ஜார்ஜ் ஸ்னைடர், அவர் கடிகாரம் செய்பவர். இன்றைக்கும் இதன் உட்புறம் கடிகாரம் போன்றதுதான். மணல்தான் இதற்கு எமன். ரீலைக் கரையில் தரையோடு வைக்காதீர்கள்.

உப்புத்தண்ணீரில் வீசிய நாளில் டிராக்கை இறுக்கிவிட்டு, குழாயை மெல்லியதாகத் திறந்து மேலாகக் கழுவுங்கள். டிராக் தளர்ந்திருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கும். பீய்ச்சி அடித்தால் உப்பு பேரிங்குக்குள் போகும். வாளியில் முக்குவதும் கூடாது. துடைத்து நிழலில் உலர்த்திய பிறகு டிராக்கை முழுக்கத் தளர்த்தி வையுங்கள், இல்லாவிட்டால் உள்ளிருக்கும் வாஷர்கள் அமுங்கியே கிடக்கும்.

ஸ்பூல் பேரிங்குக்கு ரீல் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. இரண்டு சொட்டு விட்டாலே ஸ்பூல் சோம்பும். கிரீஸ் பெரிய பல்சக்கரத்துக்கு மட்டும், பேரிங்கில் படக் கூடாது. தேங்காய் எண்ணெயும் தையல் மெஷின் எண்ணெயும் வேண்டாம். துருநீக்கி ஸ்பிரே உள்ளிருக்கும் கிரீஸைக் கரைத்துவிடும். நரம்பை இடம் வலமாக நடத்தும் திருகுத்தண்டில் செடித் துணுக்கும் சேறும் சேரும். பழைய பல்துலக்கியால் தேய்த்துவிட்டு அதற்கும் ஒரு சொட்டு. ஸ்பூல் சுழலும்போது வறட்சியாகக் கீச்சிட்டால் எண்ணெய் காய்ந்திருக்கிறது, கரகரவென்றால் உள்ளே உப்போ மணலோ இருக்கிறது. கரகரத்த பேரிங்கில் எண்ணெய் விட்டுப் பயனில்லை. கழற்றி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் அலசி, உலர்த்தி, எண்ணெய் விட்டுப் பாருங்கள். அப்படியும் கரகரத்தால் அதே அளவில் புதிது வாங்கிப் போட்டுவிடுங்கள்.